எழுந்து நின்றாலே படபடப்பு: 14 மாதங்களாகக் காரணம் தெரியவில்லை

வயது 22. 14 மாதங்களுக்கு முன் வந்த வைரஸ் காய்ச்சல் ஐந்தே நாளில் போய்விட்டது. உடம்பு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. படுத்திருக்கும்போது நாடித்துடிப்பு 72. எழுந்து நின்ற 10 நிமிடங்களுக்குள் 115-ஐத் தாண்டுகிறது, கண் இருட்டுகிறது, பாதங்கள் கருஞ்சிவப்பாகின்றன. குளிக்கும்போதுதான் மிக மோசம். முக்காலியில் உட்கார்ந்தே குளிக்கிறேன். கூடவே குமட்டல், தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, படித்த வரி மனத்தில் தங்காத மந்தம்.

ரத்த அணுக்கள், தைராய்டு, பி12, இ.சி.ஜி., எக்கோ எல்லாம் இயல்பு. மூன்று மருத்துவர்கள் மனப்பதற்றம் என்றார்கள். உட்கார்ந்ததும் அடங்கிவிடும் படபடப்பை அப்படி ஏற்க என்னால் முடியவில்லை. நிற்க வைத்து ரத்த அழுத்தத்தை யாருமே அளக்கவில்லை. தண்ணீர் அதிகம் குடித்ததில் சற்றே தேவலை.

படுக்க வைத்து, மேசையை நிமிர்த்தி நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளக்கும் டில்ட் டேபிள் பரிசோதனைக்கு முதலில் இதய மருத்துவரைப் பார்ப்பதா, நரம்பியல் மருத்துவரையா?