180 நாளை எங்கிருந்து எண்ணுவது

குழு: நம் வீடு

சனி, 10 ஜனவரி 2026

நான்: எல்லோருக்கும் ஒரு செய்தி. வேறு ஒரு கம்பெனியில் இருந்து ஆஃபர் வந்திருக்கிறது. சம்பளம் கூடுதல், நான் ரொம்ப நாளாக ஆசைப்பட்ட வேலை. ஜனவரி 26-ல் சேரச் சொல்கிறார்கள். இன்னும் சரி சொல்லவில்லை. கிரீன் கார்டுதான் மனதை உறுத்துகிறது.

அம்மா: நல்ல செய்திதான் கண்ணா. ஆனால் இப்போது இருக்கிற கம்பெனிதானே உனக்குக் கிரீன் கார்டு போட்டது? விட்டுவிட்டுப் போனால் மறுபடி முதலில் இருந்தா?

அப்பா: நானும் அதையே கேட்க நினைத்தேன். வரிசையில் இருக்கிற இடம் போய்விடுமா?

அக்கா: இப்போது போகாதே. 180 நாள் முடியாமல் கிளம்பினால் இடம் போய்விடும். நான் பட்டது போதும்.

அத்தான்: கொஞ்சம் பொறு. உனக்கு நடந்தது வேறு, இவனுக்கு இருப்பது வேறு. மச்சான், நீ எந்தப் படியில் நிற்கிறாய், அதைச் சொல் முதலில்.

நான்: பெர்ம் போட்டது 2024 மார்ச். ஐ-140 ஒப்புதல் ஆகிவிட்டது, ஆகஸ்ட் 11 என்று நினைவு. ஐ-485 போடும் காலம் எங்கோ இருக்கிறது. எச்-1பி வேலை விசாவின் ஆறாவது வருடம் வருகிற செப்டம்பரோடு முடிகிறது.

அப்பா: மாப்பிள்ளை, இந்த எண்களை எனக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொல்லுங்கள்.

அத்தான்: சொல்கிறேன் மாமா. அமெரிக்காவில் வேலை வழியாகக் கிரீன் கார்டு வாங்க மூன்று படி. முதல் படி பெர்ம். இந்த வேலைக்கு இந்த இடத்தில் தகுதியான உள்நாட்டு ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி தொழிலாளர் துறையிடம் காட்ட வேண்டும். அந்த விண்ணப்பம் போட்ட நாள்தான் வரிசையில் நமக்குக் கிடைக்கும் தேதி, பிரையாரிட்டி டேட். இரண்டாவது படி ஐ-140. இவரை நிரந்தர வேலையில் வைக்கப்போகிறோம், சொன்ன சம்பளத்தைக் கொடுக்க எங்களுக்கு வசதி இருக்கிறது என்று கம்பெனி குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் மனுப் போடுவது. மூன்றாவது ஐ-485. நம் தேதி வந்த பிறகு நாமே கார்டு கேட்டு விண்ணப்பிப்பது. முதல் இரண்டும் கம்பெனியின் காகிதம், மூன்றாவதுதான் நம் காகிதம். வேலை மாறினால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது. எந்தப் படியில் நிற்கும்போது மாறுகிறோம் என்று கேட்டால் பதில் உண்டு.

அத்தான்: இவன் ஐ-140 ஒப்புதல் ஆனவன். அதனால் தேதி இவனுடையது. கம்பெனி நாளைக்கே மனுவைத் திரும்பப் பெற்றாலும் 2024 மார்ச் என்ற தேதி இவனிடமே இருக்கும். மோசடி, பொய்த் தகவல், பெர்மே செல்லாமல் போவது, ஒப்புதல் கொடுத்ததிலேயே பெரிய தவறு, இப்படிப்பட்ட காரணத்துக்காக ரத்தானால் மட்டுமே தேதி போகும். புதுக் கம்பெனி பெர்ம், ஐ-140 இரண்டையும் மறுபடி போட்டாக வேண்டும். ஆனால் அந்தப் புது ஐ-140-ல் பழைய தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அக்கா: அப்படியென்றால் 180 நாள், 180 நாள் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எதற்கு?

அத்தான்: அது ஒப்புதல் உயிரோடு இருப்பதற்கு. ஒப்புதல் கிடைத்து 180 நாள் ஆவதற்குள் கம்பெனி திரும்பப் பெற்றால் ஐ-140 தானாகவே ரத்தாகிவிடும். 180 நாள் ஆன பிறகு திரும்பப் பெற்றாலும், ஏன், கம்பெனியையே மூடினாலும், அந்தக் காரணத்துக்காக ரத்தாகாது. 2017 ஜனவரியில் நடப்புக்கு வந்த விதி இது. ஆறு வருடத்துக்கு மேல் எச்-1பியை மூன்று மூன்று வருடமாக நீட்டுவது அந்த ஒப்புதலை வைத்துத்தான். இவனுக்குச் செப்டம்பரில் ஆறு வருடம் முடிகிறது. அதற்குள் புதுக் கம்பெனி பெர்ம் முடித்து ஐ-140 வாங்குவது நடக்கிற காரியம் இல்லை.

அம்மா: மருமகள் வேலைக்குப் போகிறாளே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

அத்தான்: உண்டு அத்தை. எச்-4-ல், அதாவது எச்-1பிக்காரரின் மனைவிக்கான விசாவில் இருந்துகொண்டு வேலை பார்க்கும் அனுமதி கிடைப்பதே கணவரின் ஐ-140 ஒப்புதலால்தான். அது ரத்தானால் அந்த அனுமதியைப் புதுப்பிக்க வழி இருக்காது. இன்னொன்று, 2025 அக்டோபர் 30 முதல் போடுகிற புதுப்பிப்பு மனுக்களுக்குப் பழைய அட்டை தானாக நீளும் சலுகையும் கிடையாது. அட்டை முடிகிற நாளில் புது அட்டை கையில் இல்லாவிட்டால் வேலையை நிறுத்த வேண்டியதுதான்.

நான்: இடம் போகாது என்று கேட்டதும்தான் மூச்சு வந்தது. ஆனால் மீதியைக் கேட்டால் ஜனவரி 26 ரொம்ப அவசரம் போல இருக்கிறது.

அப்பா: ஆகஸ்ட் 11-ல் இருந்து ஆறு மாதம். பிப்ரவரி 11 வரை இருந்துவிடு.

அத்தான்: ஆறு மாதம் இல்லை மாமா, 180 நாள். எண்ண வேண்டும்.

அப்பா: சரி, காலண்டரை எடுத்து வைத்து எண்ணினேன். ஆகஸ்டில் 20, செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31. மொத்தம் 173. பிப்ரவரி 7-ல் 180. வட்டம் போட்டுவிட்டேன்.

அக்கா: எனக்கு நடந்ததைத் தங்கைக்காகவும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், அவளுக்கு முழுதாகத் தெரியாது. எனக்குப் பெர்ம் போட்டது 2012 மார்ச். ஐ-140 போட்டார்கள், முடிவு வரவில்லை. 2013 தொடக்கத்தில் நல்ல வேலை வந்தது என்று கிளம்பினேன். மூன்றாவது வாரம் பழைய கம்பெனியின் வழக்கறிஞரிடம் இருந்து இரண்டு வரி மெயில், மனு திரும்பப் பெறப்பட்டது என்று. புதுக் கம்பெனி இன்று நாளை என்று இழுத்து 2015 நவம்பரில்தான் பெர்ம் போட்டது. யாருடைய தேதி வந்திருக்கிறது என்று அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில், இந்த மாதம் இந்தியாவுக்கு என் பிரிவான இபி-2 இன்னும் 2013-லேயே இருக்கிறது. 2012 தேதி இருந்திருந்தால் கார்டு எப்போதோ வீட்டுக்கு வந்திருக்கும். அன்றைக்கு ஐ-140 முடிவு வரும்வரை பொறுத்திருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மகளுக்குப் பதினாறு நடக்கிறது. பிள்ளையாக எங்களோடு சேர்க்கிற வயது இருபத்தொன்று வரைதான், அதற்குள் வருமா என்று நான் எண்ணாத நாள் இல்லை.

அம்மா: அழாதேம்மா.

அப்பா: வரிசை ஏன் இவ்வளவு நீளம்?

அத்தான்: வேலை வழிக்கு வருடத்துக்குச் சுமார் 1,40,000 கார்டு. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொது வரம்பு. இந்தியாவில் இருந்து காத்திருக்கிறவர்கள் அதைவிடப் பல மடங்கு.

தங்கை: அண்ணா, நடுவில் என் சந்தேகம் ஒன்று. எனக்கு இப்போதுதான் பெர்முக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மேலாளர் வேறு மாநிலக் கிளைக்கு மாறச் சொல்கிறார், அங்கே பதவி உயர்வும் உண்டாம். போகலாமா?

அத்தான்: பெர்ம் ஒரு வேலைக்கு, ஒரு இடத்துக்கு. தினமும் போய்வரும் தூரத்தைத் தாண்டி இடம் மாறினால் வேறு பெர்ம் வேண்டும். பதவி உயர்ந்து செய்கிற வேலையே வேறாகிவிட்டாலும் அப்படித்தான். எச்-1பிக்கும் திருத்த மனுப் போட வேண்டும். மாறுவதாக இருந்தால் விண்ணப்பம் போவதற்கு முன்பே மாறி, புது இடத்தை வைத்தே தொடங்கச் சொல். அப்புறம், உன் கம்பெனியில் உன் மாதிரி வேலையில் இருந்தவர்களைச் சமீபத்தில் அனுப்பினார்களா?

தங்கை: அக்டோபரில் கொஞ்சம் பேரை அனுப்பினார்கள்.

அத்தான்: அதையும் வழக்கறிஞரிடம் கேள். அதே பகுதியில் அதே தொழிலிலோ தொடர்புள்ள தொழிலிலோ ஆறு மாதத்துக்குள் லேஆஃப் நடந்திருந்தால், அப்படிப் போன உள்நாட்டு ஊழியர்களுக்குத் தெரிவித்து அவர்களைப் பரிசீலித்ததாகக் கம்பெனி காட்ட வேண்டும். இதனாலேயே பல கம்பெனிகள் பெர்மைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்துவிடுகின்றன.

பெரியண்ணன்: எல்லாவற்றையும் படித்துக்கொண்டே இருந்தேன். நானும் ஒன்று சொல்ல வேண்டும். நவம்பரில் எனக்கு வேலை போய்விட்டது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

அம்மா: ஏன்டா சொல்லவில்லை? இரண்டு மாதமாகத் தனியாகவா வைத்துக்கொண்டாய்?

பெரியண்ணன்: சித்தி, வேறு வேலை கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது கிடைத்துவிட்டது. 19-ம் தேதி சேர்கிறேன்.

நான்: அண்ணா, வேலை போனால் 60 நாள்தான் என்கிற கணக்கை எப்படிச் சமாளித்தீர்கள்?

பெரியண்ணன்: நான் 2020 அக்டோபரில் ஐ-485 போட்டவன். அப்போது இந்தியாவுக்கு இபி-3 என்கிற என் பிரிவில் ஐ-485 போடும் தேதி 2015 ஜனவரி வரை திறந்தது, என் தேதி 2014. ஐ-485 நிலுவையில் இருந்தால் அதை வைத்தே இங்கே இருக்கலாம், வேலை அனுமதி அட்டையும் தனியாக இருக்கிறது. அதனால் அந்த 60 நாள் என் கழுத்தில் இல்லை. ஐ-485 போட்டு 180 நாள் தாண்டியவர்கள், ஐ-140 ஒப்புதல் ஆகியிருந்தால், அதே தொழிலில் அல்லது ஒத்த தொழிலில் வேறு வேலைக்குப் போகலாம். புதுப் பெர்ம் வேண்டாம், புது ஐ-140 வேண்டாம். புதுக் கம்பெனி சப்ளிமெண்ட் ஜே என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். இது 2000-ல் வந்த சட்டம்.

பெரியண்ணன்: ஆனால் அந்த "ஒத்த" என்ற சொல்லில் தூக்கம் போனது உண்மை. முதலில் வந்த வேலை விற்பனைப் பக்கம். சம்பளம் நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். இரண்டாவது வந்தபோது பழைய பெர்ம் தாளை ஒரு பக்கம், ஆஃபரை ஒரு பக்கம் வைத்து வரி வரியாகப் படித்தேன். அதில் "மென்பொருளை வடிவமைத்தல், எழுதுதல், சோதித்தல்". இதில் அதே மூன்றும், கூடவே நான்கு பேரை வழிநடத்துவது. அது அந்தத் தொழிலிலேயே வளர்வதுதான், பரவாயில்லை என்றார் வழக்கறிஞர். பதவியின் பெயரைவிட அன்றாடம் என்ன செய்கிறோம் என்பதைத்தான் எடைபோடுகிறார்கள். பெர்ம் தாளை அன்றைக்கே நகல் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். வேலை போன மறுநாளே அலுவலக மெயில் திறக்கவில்லை.

அம்மா: அந்த 60 நாள் என்ன? இவனுக்கு அது உண்டா? புதுக் கம்பெனியில் சேர்ந்து அவர்களும் அனுப்பிவிட்டால்?

அத்தான்: உண்டு அத்தை. எச்-1பியில் மட்டும் இருக்கிறவர் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் தங்கலாம். எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் வேறு கம்பெனி எச்-1பி மனுப் போட வேண்டும், இல்லை நாம் வேறு விசா நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், இல்லை கிளம்ப வேண்டும். அப்போதும் ஒப்புதலான ஐ-140-ன் தேதி போகாது. வேலை போகலாம், விசா முடியலாம், தேதி நிற்கும். அதனால்தான் ஐ-140 ஒப்புதலுக்கு முன் யாராவது வேலை மாறுகிறேன் என்றால் எனக்குப் பதறுகிறது.

அக்கா: ஒப்புதல் தாள் உன் கையில் இருக்கிறதா? அதைச் சொல்.

நான்: இல்லை. ரசீது எண் மட்டும் வழக்கறிஞர் மெயிலில் இருக்கிறது. ஆகஸ்ட் 11 என்பதும் அதில் பார்த்த நினைவுதான்.

அக்கா: அப்படியானால் யாரிடமும் இன்னும் தேதி பேசாதே. முதலில் தாளை வாங்கு.

நான்: திடீரென்று கேட்டால் கிளம்பப்போகிறேன் என்று சந்தேகப்பட மாட்டார்களா?

அக்கா: உன் மனைவியின் வேலை அனுமதியைப் புதுப்பிக்க ஐ-140 ஒப்புதல் நகல் கேட்பார்கள். அது நிஜமான காரணம். அதையே சொல்லிக் கேள்.

அத்தான்: பெர்ம் நகலும் கேள். எல்லாக் கம்பெனியும் தராது, கேட்பதில் தவறில்லை. அப்புறம், கம்பெனி வழக்கறிஞர் கம்பெனிக்காகவும் வேலை செய்கிறவர். வேலை மாறும் யோசனையை அவரிடம் பேசாமல் வெளியில் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து ஒரு மணி நேரம் பேசிவிடு. நாங்கள் சொல்வது எங்கள் அனுபவம், உன் தாள்களைப் பார்த்தவர் சொல்வதுதான் முடிவு.

புதன், 14 ஜனவரி 2026

நான்: தாள் வந்துவிட்டது. அத்தான், ஒன்றைப் பாருங்கள். ஆகஸ்ட் 11 என்பது ரசீது தேதி. மனு போய்ச் சேர்ந்த நாள். ஒப்புதல் தேதி ஆகஸ்ட் 29.

அத்தான்: பிரீமியத்தில், அதாவது கூடுதல் கட்டணம் கட்டி விரைவாக முடிவு கேட்டுப் போட்டிருக்கிறார்கள், 15 வேலை நாளுக்குள் முடிவு வந்திருக்கிறது. கணக்கு 29-ல் இருந்துதான்.

அக்கா: பிப்ரவரி 7 என்று நம்பி ஒன்பதாம் தேதி ராஜினாமா கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்.

அப்பா: ஆகஸ்டில் 2, பிறகு 30, 31, 30, 31, 31. 155. பிப்ரவரி 25.

நான்: ஆமாம் அப்பா, நானும் எண்ணினேன். வெளி வழக்கறிஞரிடமும் பேசினேன், அவரும் அதையே சொன்னார். பல கம்பெனிகள் திரும்பப் பெறுவதே இல்லை, ஆனால் அது உங்கள் கையில் இல்லாத விஷயம், ஆறாவது வருடம் முடிகிற நேரத்தில் ஏழு வாரத்துக்காக அதில் போய் நிற்க வேண்டாம் என்றார். எச்-1பி டிரான்ஸ்ஃபர் மனுவைப் புதுக் கம்பெனி இடையிலேயே போடலாம், பழைய கம்பெனிக்கு அரசிடம் இருந்து தகவல் போகாது. பிப்ரவரி 26-ல் ராஜினாமா, இரண்டு வாரம், மார்ச் 16 திங்கள் சேர்வது. இன்று காலை புது மேலாளரிடம் கேட்டுவிட்டேன். காரணத்தையும் மறைக்கவில்லை.

அம்மா: என்ன சொன்னார்?

நான்: நாளை சொல்கிறேன் என்றார்.

வியாழன், 15 ஜனவரி 2026

நான்: மார்ச் 16-க்கு ஒப்புக்கொண்டார்கள். சேர்ந்த ஆறு மாதத்துக்குள் பெர்ம் தொடங்குவோம் என்று ஆஃபர் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா: எழுத்தில் வந்த பிறகே கையெழுத்துப் போடு. 2013-ல் எனக்கு வாயால் சொன்னார்கள்.

நான்: சரி அக்கா. ஒப்புதல் தாளை அலுவலக மெயிலில் வைக்கவில்லை, என் சொந்த மெயிலுக்கும் உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா: வந்தது. அச்செடுத்துக் கோப்பில் போட்டுவிட்டேன்.

அப்பா: பிப்ரவரி 7 வட்டத்தை அடித்துவிட்டு 25-ல் போட்டிருக்கிறேன்.