அடியந்திரத்துக்கு முந்தின வாரம்: குடும்பக் குழுவில் தாத்தா

பெரியப்பா, காலை 6:10
அனைவருக்கும் வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியம், அதாவது அடியந்திரம். வருகிறவர்கள் கையில் கொடுக்க, அவர் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் அச்சிட ஏற்பாடு செய்திருக்கிறோம். மஸ்கட்டிலிருந்து தம்பி மகன் எழுதி அனுப்பியது இது: “1931இல் பிறந்து, மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கட்டி, நூற்றுக்கணக்கான இல்லங்களை எழுப்பிய கட்டுமானச் செம்மல்.” திருத்தம் இருந்தால் இன்று மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.

ஆரல்வாய்மொழி அத்தை, 6:31
பிறந்த வருடமே பிசகு, அண்ணா. ஜாதகத்தில் கொல்லம் ஆண்டு 1107, தை மாதம் என்றுதான் இருக்கிறது. ஆங்கில வருடம் தெரிய, ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரைக்கும்தான் 824 கூட்ட வேண்டும். தை பிறந்துவிட்டால் 825. ஆகவே அப்பா பிறந்தது 1932. அப்பாவுக்கு 93 வயது. பெருமைக்காக ஒரு வயதைக் கூட்டிப் போட வேண்டாம்.

சின்னச் சித்தப்பா, 7:02
பாலத்தைப் பற்றி எழுதியதையும் மாற்ற வேண்டும். பறளியாற்றுக்கு மேலே நூறு அடிக்கு மேலான உயரத்தில், ஆயிரம் அடிக்கு மேலான நீளத்துக்குத் தண்ணீரைச் சுமந்து போகிற தொட்டியை அப்பா கட்டினார் என்று எழுதினால், திருவட்டாரிலிருந்து வருகிறவர்கள் நம் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். 1966இல் அது முடிவதற்கு முன்பு, இரண்டு கோடைகள் அவர் அங்கே ஜல்லி சுமந்தார். அவ்வளவுதான். அதை அவரே ஒளிக்காமல் சொல்லுவார்.

மஸ்கட் அண்ணன், 7:15
மன்னிக்க வேண்டும், சித்தப்பா. என் பிள்ளைகளிடம் நான் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். “ஜல்லி சுமந்தார்” என்று அச்சில் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்குமே என்று நினைத்தேன்.

பெரியப்பா, 7:40
கூச்சப்பட ஒன்றுமில்லை, மக்களே. நீ பிறக்கும்போது அவர் மூத்த கொத்தனார், ஆகையால் உனக்கு அந்தப் பழைய காலம் தெரியாது. 1956 நவம்பர் 1 அன்று நம் கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, தமிழ்நாடு என்று பின்னால் பெயர் மாறிய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அவருக்கு 24 வயது. வீட்டுமனையின் ஆதாரப் பத்திரம் மலையாளத்தில், கையில் இருந்த தொழில் சித்தாள் வேலை. அங்கிருந்துதான் ஒவ்வொரு படியாக ஏறினார். வெட்டுக்கல்லை அறுத்த ஈரத்தோடு சுவரில் வைக்க விடமாட்டார். பூமியிலிருந்து எடுக்கும்போது கத்தி இறங்குகிற அளவுக்கு மிருதுவாக இருக்கிற அந்தக் கல், காற்றும் வெயிலும் பட்டுத்தான் இறுகும் என்பதால், மாதக்கணக்கில் அடுக்கிவைத்துக் காத்திருக்கச் சொல்லுவார். அவசரப்படுகிற வீட்டுக்காரரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்ததை நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். சிப்பிச் சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தால், அவர் கரண்டியில் கொஞ்சம் எடுத்துத் தலைகீழாகப் பிடிப்பார். கரண்டியை விட்டு விழுந்தால், மறுபடியும் அரைக்க வேண்டியதுதான். சிமென்ட் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

குலசேகரம் மாமா, 8:20
2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த நாளை நான் மறக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக முறிந்து கிடந்தன. உங்கள் அப்பா எனக்குக் கட்டிக்கொடுத்த வீட்டின் மேல் பெரிய அயினி மரம் ஒன்று சாய்ந்து, கூரை ஓடுகளும் கைமரமும் நொறுங்கின. சுவரில் ஒரு கீறல் இல்லை. நான்காம் நாள் வழி திறந்ததும், அந்த 85 வயதில் பேருந்து பிடித்து வந்து இறங்கி, எங்களை நலம் விசாரிப்பதற்கு முன்பு மூலைச் சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். என் மனைவிக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

நான், 8:45
நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது தாத்தா பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். மற்றவர்கள் எல்லாம் முகப்பு மண்டபமான பூமுகத்தின் மேலே செதுக்கியிருந்த பூக்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, அவர் கறுப்பாகப் பளபளத்த தரையில் குந்தி, உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் போட்ட தரை என்று சொல்வார்கள் என்றார். பிறகு, “மக்ளே, இதப் போட்டவன் பேரு எங்கயாவது எழுதியிருக்கா, தேடிப் பாரு” என்றார். நான் உண்மையிலேயே அரை மணி நேரம் தேடினேன்.

அம்மா, 9:30
எல்லோரும் அடுக்களைப் படியை மறந்துவிட்டீர்கள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் கஞ்சிக்கலத்தோடு நான் அதில் தடுக்கி விழுந்தேன். மாமனார் முழக்கோலை எடுத்து வந்து அளந்தார். மற்றப் படிகளைவிட அது ஒரு விரல் உயரம் கூடுதல். “எம் பிசகுதான்” என்று ஒத்துக்கொண்டவர், இடித்துக் கட்ட மட்டும் சம்மதிக்கவில்லை. ஊரார் வீட்டில் செய்த தவறு என்றால் அன்றைக்கே இடித்திருப்பாராம்; சொந்த வீட்டில் கிடந்தால் தினமும் கண்ணில் படுமாம். விழுகிறவள் நான் என்பது அவர் கணக்கில் வரவில்லை!

சின்னச் சித்தப்பா, 9:41
ஞாயிற்றுக்கிழமை வயதானவர்கள் நிறையப் பேர் வருவார்கள், மதினி. நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு விரல் கொத்தி எடுத்துப் பூசிவிடலாம்.

ஆரல்வாய்மொழி அத்தை, 9:43
அந்தப் படியில் யாரும் கை வைக்கக் கூடாது.

மஸ்கட் அண்ணன், 9:44
அத்தை சொல்வதுதான் சரி.

அம்மா, 9:50
அப்படியானால் விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடித்து வையுங்கள்.

பெரியப்பா, மாலை 5:05
அச்சகத்துக்கு இப்படிக் கொடுத்துவிட்டேன்: “கொல்லம் 1107 தை மாதம் பிறந்தவர். மாத்தூர் தொட்டிப்பால வேலையில் ஜல்லி சுமந்தவர். பிறகு ஐம்பது ஆண்டுகள் கொத்தனார். அவர் கட்டிய வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.” படத்தில் வேட்டி சட்டையோடு இருக்கட்டும், சால்வை போர்த்திய படம் வேண்டாம்.

அம்மா, 6:20
படிக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. காய்வதற்கு முன்பே சித்தப்பா காப்பித் தட்டோடு அதில் தடுக்கிவிட்டார். இரண்டு தம்ளர் போயிற்று, ஆளுக்கு ஒன்றுமில்லை.