தரம் 4 வகுப்பில் வாசிப்பு வட்டம்: பயனா, நேர விரயமா?

வெல்லாவெளி ரீச்சர்:
இரண்டாம் தவணையிலிருந்து என் தரம் 4 வகுப்பில் வியாழக்கிழமைகளில் வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். 26 பிள்ளைகள், ஐந்து குழு. கதைப்புத்தகங்களைக் காட்டுவேன், விரும்பியதை அவர்களே எடுப்பார்கள். ஒரே புத்தகத்தை எடுத்தவர்கள் ஒரு குழு. வாசித்துவிட்டுப் பாயில் வட்டமாக இருந்து அதைப்பற்றிக் கதைப்பார்கள். நேற்று ஒரு தாய், "பிள்ளைகள் கதைச்சுக்கொண்டிருந்தா எப்ப ரீச்சர் படிப்பிக்கிறது?" என்று கேட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செங்கலடித் தகப்பன்:
அந்தத் தாய் கேட்டதில் பிழை இல்லை ரீச்சர். அடுத்த வருடம் இந்தப் பிள்ளைகளுக்குத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. இரண்டு வினாத்தாளுக்கும் பழக வேண்டும். என் மகளும் போன வருடம் இப்படி ஒரு குழுவில் இருந்தாள். வாசித்தது அவள், எழுதியது அவள், மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். கெட்டிக்காரப் பிள்ளையின் முதுகில் மற்றவர்களை ஏற்றிவிடுவதுதான் குழு வேலை என்றால் எனக்கு அது வேண்டாம்.

ஓய்வுபெற்ற சேர், கல்லடி:
வாசிப்புக்கு நான் எதிரியில்லை. எனக்குப் பிடிக்காதது அந்தப் பாத்திரத் தாள்கள். ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் சொல் தேடுபவர், ஒருவர் படம் வரைபவர் என்று பிரித்துக் கொடுப்பார்கள். பிள்ளை தன் தாளை நிரப்பி, முறை வந்ததும் அதை வாசித்துவிட்டு இருந்துவிடும். அது உரையாடலா? அமெரிக்காவில் 1994இல் எழுதிய நூலால் இந்த முறையைப் பரப்பிய ஹார்வி டேனியல்ஸே, பிற்காலத்தில் அந்தத் தாள்கள் இயந்திரத்தனமாகிவிடுகின்றன என்று எச்சரித்தார். பரப்பியவரே எச்சரித்த தாள்களை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

வெல்லாவெளி ரீச்சர்:
சேர், தாள் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. முதல் மூன்று கிழமையும் நானும் அதைத்தான் கொடுத்தேன். சத்தமே இல்லை, தாள்தான் நிரம்பியது. அப்புறம் நிறுத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியில் ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வர வேண்டும், தனக்கே விடை தெரியாத கேள்வி. அவ்வளவுதான்.

தகப்பனுக்கு ஒன்று சொல்கிறேன். போன கிழமை ஒரு குழு எடுத்தது, ஒரு பையனும் யானைக்குட்டியும் கூட்டாளியாகிற 16 பக்கக் கதை. எழுத்துக்கூட்டி வாசிக்கவே கஷ்டப்படுகிற ஒரு பையன் அதில் இருந்தான். பக்கத்துப் பிள்ளை வாசிக்கக் கேட்டுக்கொண்டே இருந்தவன் திடீரென்று, "இதை எழுதினவர் யானையப் பார்க்கல்ல போல" என்றான். அவன் வீட்டு வயலுக்கு யானை வரும். அறுவடைக் காலத்தில் அப்பா இராவில் பரணில் காவல் இருப்பார். "யானை வந்தா அம்மா எங்கள எழுப்பி வாய மூடச் சொல்லுவா" என்றான். உடனே ஒரு பெண்பிள்ளை, "குட்டியெண்டா பாவம்தானே" என்று மல்லுக்கு நின்றாள். புத்தகத்தைத் திருப்பித் திருப்பி இருவரும் ஆதாரம் தேடினார்கள். மறுநாள் அவன் தானாக வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டான். பத்து மாதிரி வினாத்தாள் கொடுத்தும் நான் அவனிடம் இதைக் காணவில்லை.

அக்கரைப்பற்று ஆசிரியர்:
கேட்க நல்லா இருக்கு ரீச்சர். என்னிடம் 41 பிள்ளைகள், கதிரை நகர்த்தவே இடமில்லை. ஒரே புத்தகத்தில் ஐந்து பிரதிக்கு எங்கே போவது? போட்டோக் கொப்பிக் காசு என் கையிலிருந்துதான் போகும். 1980இலிருந்து அரசு இலவசமாகத் தரும் தமிழ்ப் பாடநூல் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறதே, அதிலுள்ள ஒரு கதையை வைத்துத் தொடங்கினால் என்ன?

ஓய்வுபெற்ற சேர், கல்லடி:
தொடங்கலாம். ஆனால் பாடநூலில் பிள்ளைக்குத் தெரிவு இல்லை. தான் எடுத்த புத்தகம் என்பதால்தானே ரீச்சரின் பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். தெரிவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வழக்கமான பாடம்தான்.

வெல்லாவெளி ரீச்சர்:
அக்கரைப்பற்று சேர், 41 பேர் என்றால் ஒரேநாளில் எல்லோரையும் வட்டமாக்க வேண்டாம். ஒரு குழு கதைக்கட்டும், மற்றவர்கள் மௌன வாசிப்பு. அடுத்த நாள் அடுத்த குழு. பாடநூல் கதைகளிலேயே மூன்றைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொன்னாலும் அது தெரிவுதான். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் பெற்றோரிடம் வீட்டிலுள்ள பழைய புத்தகங்களைக் கேட்டுப் பாருங்கள்.

செங்கலடித் தகப்பன்:
யானைக் கதை மனதைத் தொட்டது, மறுக்கவில்லை. தரம் 3, 4இல் செய்யுங்கள். தரம் 5இல் வேண்டாம் என்பதுதான் இன்னும் என் நிலைப்பாடு. இன்னொன்று: யார் வாசித்தார், யார் ஒளிந்துகொண்டார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

வெல்லாவெளி ரீச்சர்:
கிழமைக்கு ஒரு குழுவோடு பத்து நிமிடம் நானும் பாயில் இருப்பேன், வாய் திறக்காமல். யார் எந்தப் பக்கத்தைக் காட்டிக் கதைத்தார் என்று கொப்பியில் குறித்துக்கொள்வேன். இரண்டு முறை நான் இருந்தும் பக்கம் காட்டாத பிள்ளையை இடைவேளையில் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கக் கேட்பேன். உங்கள் மகளின் குழுவில் தலையாட்டிய அந்த நாலு பேரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.