மாத்திரை வேண்டாம், நேராக முடி நட்டுவிடலாமா?

கார்முகில்:
வயது 26. நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறிக்கொண்டே போகிறது. தோல் மருத்துவர், வழுக்கையின் நிலையை 1 முதல் 7 வரை சொல்லும் நார்வுட் அளவில் 3 என்றார். உச்சியிலும் முடி மெலியத் தொடங்கிவிட்டதாம். ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரையும், தலையில் தடவ மினாக்சிடில் 5 சதவீதமும் எழுதிக் கொடுத்து, ஒரு வருடம் கழித்து அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம் என்று அனுப்பிவிட்டார். முடி நடும் க்ளினிக் ஒன்றில் கேட்டால் நேர்மாறாகச் சொல்கிறார்கள். 3,500 கிராஃப்ட் (எடுத்து நடும் முடிக்கொத்து) வைத்து, நெற்றியில் முடி தொடங்கும் ஹேர்லைனைப் பழைய இடத்துக்கே இறக்கிவிடலாம், மாத்திரை தேவையில்லை, அடுத்த மாதமே தேதி இருக்கிறது என்கிறார்கள். வாழ்நாள் முழுக்க மாத்திரை என்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே தடவையில் முடிந்துவிடும் என்றால் நட்டுவிடலாமே என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிதானம்:
அந்தத் தேதியை மட்டும் உறுதி செய்துவிடாதீர்கள் தம்பி. ஒரே தடவையில் முடியும் விஷயமில்லை இது.

பின்னந்தலையிலிருந்து எடுத்து முன்னால் நடும் முடி, போன இடத்திலும் பின்னந்தலை முடியின் குணத்தோடுதான் வளரும். 1959இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் எழுதியது இதைத்தான். இந்த சிகிச்சையே அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நட்ட முடிக்கு மட்டும். சுற்றிலும் இருக்கிற உங்கள் சொந்த முடியின் மயிர்க்கால்களை டிஹெச்டி என்ற ஆண் ஹார்மோன் சுருக்கிக்கொண்டே போகும். ஃபினாஸ்டரைடு குறைப்பது அதைத்தான். உச்சியும் மெலிகிறது என்றால் உங்களுக்கு இன்னும் கொட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. முன்னால் நட்ட முடி நிற்கும், அதற்குப் பின்னால் இருப்பது காலியாகும். அப்போது மறுபடி நட வேண்டும், பின்னந்தலையில் அதற்கு இருப்பு வேண்டும்.

நான் முதலில் மாத்திரை போட்டேன். கொட்டுவது நின்று சில வருடம் கழித்துத்தான் ஓரங்களில் மட்டும் நட்டேன். இன்றும் மாத்திரை போடுகிறேன். உங்கள் மருத்துவர் சொன்ன வரிசை சரி.

உச்சிவெயில்:
நிதானம் அண்ணா, உங்களுக்கு ஒத்துக்கொண்டது, மகிழ்ச்சி. ஆனால் 26 வயதுப் பையனிடம் "போடு" என்று சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் அதே 1 மில்லிகிராம் மாத்திரை போட்டவன். சில மாதங்களில் பாலியல் விருப்பமே வற்றிப்போனது. நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார்கள். நிறுத்தி நெடுநாள் ஆகியும் பழைய நிலை வரவில்லை. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் திரும்பிப் போனபோது எல்லாம் மனப்பிரமை என்று இரண்டே வார்த்தையில் அனுப்பிவிட்டார்.

இது என் கதை மட்டுமில்லை. மாத்திரையை நிறுத்திய பிறகும் பாலியல் பாதிப்பு நீடித்ததாகப் புகார்கள் வந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012இல் மருந்துக் குறிப்பில் சேர்க்க வைத்தது. 2022இல் தற்கொலை எண்ணம் பற்றிய வரியும் சேர்ந்தது. 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை, தற்கொலை எண்ணத்தை இதன் பக்கவிளைவு என்றே உறுதி செய்தது. முடிக்காக எடுக்கும் மாத்திரை இது. உயிர் காக்கும் மருந்து இல்லை.

நிதானம்:
நீங்கள் பட்டதை நான் மறுக்கவே மாட்டேன். அந்த மருத்துவர் உங்களிடம் நடந்துகொண்ட விதம் தவறு. ஆனால் படிக்கிறவருக்கு அளவும் தெரிய வேண்டும். 1997இல் அனுமதி பெற உதவிய ஆய்வுகளில் மாத்திரை போட்டவர்களில் 3.8 சதவீதம் பேருக்குப் பாலியல் பக்கவிளைவு வந்தது. வெற்று மாத்திரை போட்டவர்களில் 2.1 சதவீதம். இரண்டு வருட முடிவில் மாத்திரை போட்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு முடி எண்ணிக்கை குறையவில்லை, வெற்று மாத்திரையில் அது 28 சதவீதம். நீங்கள் சொன்ன ஐரோப்பிய முகமையும் மருந்தைத் தடை செய்யவில்லை, பயன் ஆபத்தைவிட அதிகம் என்றுதான் முடித்தது.

இன்னொன்று. 2007இல் இத்தாலியில் ஓர் ஆய்வு. ஒரு குழுவிடம் பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள், இன்னொரு குழுவிடம் சொல்லாமல். மாத்திரை ஒன்றுதான். சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேர் பாதிப்பு வந்ததாகச் சொன்னார்கள், சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம். பயமும் ஒரு பங்கு வகிக்கிறது.

உச்சிவெயில்:
அந்த ஆய்வு புரோஸ்டேட் வீக்கத்துக்காக 5 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் நடந்தது. முடிக்காக 1 மில்லிகிராம் எடுக்கும் இளைஞர்களிடம் இல்லை. சொல்லப்படாதவர்களிலும் 15 சதவீதம் பேருக்கு வந்திருக்கிறதே, அதை ஏன் தாண்டிப் போகிறீர்கள்? என்னிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை. இணையத்தில் தேடியதே பாதிப்பு வந்த பிறகுதான்.

அப்புறம், டிஹெச்டி பெரியவர்களுக்குத் தேவையில்லாத ஹார்மோன் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரமாக டொமினிகன் குடியரசுக் கதையைச் சொல்வார்கள். 1974இல் வெளிவந்தது. டிஹெச்டியை உருவாக்கும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்களுக்கு அங்கே டிஹெச்டி குறைவு, வழுக்கையும் விழவில்லை. அதைப் பார்த்துத்தான் இந்த மருந்தே பிறந்தது. அதே ஆண்கள் பிறந்தபோது பிறப்புறுப்பு முழுதாக உருவாகாமல் பிறந்தார்கள் என்பதை ஏன் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை?

நிதானம்:
அது கருவில் நடப்பது. வளர்ந்த ஆணின் உடலில் நடப்பது வேறு. அதனால்தான் கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று எச்சரிக்கிறார்கள். இந்த இடத்தில் நீங்கள் இரண்டையும் கலக்கிறீர்கள்.

வெட்டவெளி:
மழித்துவிட்டுப் போகலாமே. வழுக்கை நோயில்லை. நான் மழித்துவிட்டேன், நிம்மதியாக இருக்கிறேன்.

கார்முகில்:
உங்களுக்கு அது பொருந்தியது நல்லது நண்பரே. எனக்கு இப்போது அந்த மனநிலை இல்லை. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காத நாட்கள் இருக்கின்றன. அதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

செம்பருத்தி:
மழிப்பதைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் முடி நடுவதை முடிவு செய்யும்போது அதை யாரும் யோசிப்பதில்லை.

என் தம்பி 23 வயதில் முடி நட்டான். மாத்திரை இல்லை. ஹேர்லைனை நன்றாகக் கீழே இறக்கி வைத்தார்கள், முதல் இரண்டு வருடம் அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நடுத்தலை காலியானது. இப்போது முன்னால் ஒரு பட்டை முடி, பின்னால் வெறும் தலை. சரி, மழித்துவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. அவனுக்குத் தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் முறையில் செய்தார்கள். பின்னந்தலையில் காதிலிருந்து காது வரை தழும்பு ஓடுகிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்கும் எஃப்யூஇ முறையில் நீளத் தழும்பு வராது. ஆனால் அளவுக்கு மீறி எடுத்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், பின்னந்தலையே அரித்ததுபோல் ஆகிவிடும்.

நடாமல் இருந்தவரை மழிக்கும் வழி அவனுக்குத் திறந்தே இருந்தது. கார்முகில், அந்த க்ளினிக் இதை உங்களிடம் சொன்னதா?

கார்முகில்:
இல்லை அக்கா. தழும்பே இருக்காது என்றார்கள்.

அளவுகோல்:
3,500 என்ற எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு இதில் அதுதான் உறுத்துகிறது.

ஒரு கிராஃப்ட் என்பது ஒன்று முதல் நான்கு முடி சேர்ந்து வளரும் ஒரு கொத்து. இயல்பான தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 65 முதல் 100 கொத்து வரை இருக்கும். நடும்போது அவ்வளவு நெருக்கம் தேவையில்லை, 40 இருந்தாலே கண்ணுக்கு நிறைவாகத் தெரியும். அப்படிப் பார்த்தால் 3,500 கிராஃப்ட் 85 சதுர சென்டிமீட்டருக்கு மேல் மூடும். நார்வுட் 3இல் ஓரங்கள் அவ்வளவு பெரிய இடமே இல்லை. பொதுவாக இரண்டாயிரத்தை ஒட்டித்தான் வரும். அப்படியென்றால் ஹேர்லைனைப் பதினெட்டு வயதில் இருந்த இடத்துக்கு இறக்கப் பார்க்கிறார்கள்.

இப்போது இருப்பைப் பாருங்கள். பெரும்பாலோருக்கு பின்னந்தலையிலிருந்து வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது ஐயாயிரம் முதல் ஏழாயிரம் கிராஃப்ட். சிலருக்கு அதற்கும் குறைவு. முழு வழுக்கை ஆனால் மூட வேண்டிய பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். முன்னாலேயே 3,500 போய்விட்டால் மீதியை வைத்து உச்சியை என்ன செய்வது? பின்னந்தலை முடி விதைநெல் மாதிரி. ஒரு தடவை எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது.

உச்சிவெயில்:
அளவுகோல் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். 3,500 அநியாயம். ஆனால் இந்தக் கணக்கிலிருந்து "மாத்திரை போட்டுத்தான் ஆக வேண்டும்" என்று எப்படி வருகிறது? நாளைக்கு முழு வழுக்கை ஆகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடலாம். முப்பது தாண்டும்வரை காத்திருந்து, ஹேர்லைனை உயரமாக, முதிர்ந்த ஆணுக்கு இருப்பதுபோல் வைத்து, குறைவாக நட்டுக்கொள்ளலாம். உச்சியைத் தொடவே வேண்டாம். அதற்கு மாத்திரை தேவையில்லை.

நிதானம்:
மாத்திரை பிடிக்கவில்லை என்றால் நிறுத்தலாம். நட்டதை எடுக்க முடியாது. இரண்டில் எதை முதலில் சோதித்துப் பார்ப்பது?

உச்சிவெயில்:
நிறுத்தலாம் என்கிறீர்கள். நிறுத்தியும் திரும்பாத உடம்போடு உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் அண்ணா. எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று கேட்டால் குறைவு என்றே நானும் சொல்வேன். அந்தக் குறைவான சிலரில் ஒருவனாக இருக்க நேர்ந்தால் தாங்க முடியுமா என்று போடுகிறவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அதை வேறு யாரும் அவருக்காக முடிவு செய்ய முடியாது.

கார்முகில்:
எல்லோரும் இவ்வளவு அக்கறையோடு எழுதுகிறீர்கள், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் காலத்தில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருக்கிறேன். இப்போது நன்றாக இருக்கிறேன். தோல் மருத்துவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இது ஏதாவது மாற்றுமா?

நிதானம்:
நிச்சயம் மாற்றும். முதலில் சொல்லியிருந்தால் நான் பேசியிருக்கும் விதமே வேறு. அந்த மாத்திரைச் சீட்டை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். தோல் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள், உங்கள் மனநல மருத்துவரிடமும் கேளுங்கள். இருவரும் சரி என்றால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் மனநிலையில் மாற்றம் தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு அவர்களிடம் போக வேண்டும், வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அறுவை சிகிச்சை பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது. மாத்திரை உங்களுக்கு இல்லை என்றால் நடுவதை இன்னும் தள்ளிப்போட வேண்டும், முன்னால் கொண்டுவரக் கூடாது.

உச்சிவெயில்:
தள்ளிப்போடுவதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு தள்ளுவது என்பதில்தான். நீங்கள் நாற்பது என்பீர்கள் போலிருக்கிறது. கவலை தரும் வயதெல்லாம் கடந்த பிறகு முடி வந்து என்ன?

அளவுகோல்:
மாத்திரைக்குப் பதில் ஃபினாஸ்டரைடைத் தலையில் தடவினால் உடம்புக்குள் போகாது என்று யாராவது விற்க வருவார்கள், அதற்கு முன் சொல்லிவிடுகிறேன். தடவினாலும் ரத்தத்தில் கலக்கிறது, அளவு குறைவு, அவ்வளவுதான். இப்படிக் கலந்து விற்கும் தயாரிப்புகளைப் பற்றி எஃப்டிஏ 2025இல் தனியாக எச்சரித்திருக்கிறது.

கார்முகில், தைராய்டும் இரும்புச்சத்தும் பார்த்தார்களா? இந்த வழுக்கையோடு அவையும் சேர்ந்து கொட்ட வைக்கலாம். முடிக்காகப் பலர் எடுக்கும் பயோட்டின் வைட்டமின் மாத்திரை போடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும் முன் பரிசோதனைக்கூடத்தில் சொல்லிவிடுங்கள். அது தைராய்டு முடிவையே மாற்றிக் காட்டும்.

செம்பருத்தி:
க்ளினிக்கிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள் தம்பி. கிராஃப்டை எடுப்பதும் அதற்குத் துளை போடுவதும் மருத்துவரா, உதவியாளரா? நாளைக்கு நடுத்தலையும் போய்விட்டால் மீதி எத்தனை கிராஃப்ட் இருக்கும், அதை வைத்து என்ன செய்வார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். என் தம்பி விஷயத்தில் இந்த இரண்டையும் கேட்க ஆளில்லாமல் போனது.

கார்முகில்:
கேட்டேன். மருத்துவர் ஹேர்லைனை வரைந்து கொடுப்பார், மற்றதெல்லாம் அனுபவமுள்ள குழு பார்த்துக்கொள்ளும் என்றார்கள். இரண்டாவது கேள்விக்கு, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பதில். எழுதித் தர மறுத்துவிட்டார்கள். தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். மனநல மருத்துவரைப் பார்க்கும்வரை ஃபினாஸ்டரைடு இல்லை. மினாக்சிடில் மட்டும் தொடங்கலாம் என்று தோல் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். தடவ ஆரம்பித்தால் முதலில் இன்னும் அதிகமாகக் கொட்டும் என்கிறார்களே, உண்மையா?

நிதானம்:
உண்மை. முதல் இரண்டு மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டலாம். பழைய முடி உதிர்ந்து மயிர்க்கால் புதுச் சுற்றைத் தொடங்குவதால் வருவது. அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியை நம்ப வேண்டாம். இது டிஹெச்டியைத் தடுக்காது, இருக்கிற முடியைத் தடிப்பாக்கும், நிறுத்தினால் சில மாதத்தில் பலன் போய்விடும்.

உச்சிவெயில்:
இது முதலில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து. போட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி வளர்ந்ததால்தான் தலைக்குத் தடவ வந்தது. அதனால் படபடப்போ, கால் வீக்கமோ, தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அரிப்பு மட்டும்தான் என்றால் அதில் கலக்கும் புரொப்பிலீன் கிளைக்காலாக இருக்கலாம், அது இல்லாத நுரை வடிவம் கிடைக்கும். வீட்டில் பூனை இருக்கிறதா?

கார்முகில்:
இருக்கிறது. ஏன்?

உச்சிவெயில்:
பூனைக்கு மினாக்சிடில் கொடிய நஞ்சு, கொஞ்சம் நக்கினாலும் உயிர் போகலாம். தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலை காயும்வரை பூனையை அருகில் விடாதீர்கள். தலையணை உறையை அது படுக்கும் இடத்தில் போடாதீர்கள்.