பின்வளவு மேப்பிளில் துளை போடலாமா?

இளங்கோ (ஸ்காபரோ, கனடா):
பின்வளவில் ஒரு சுகர் மேப்பிள் நிற்கிறது. மார்ச் வருகிறது, நடுமரத்தில் துளை போட்டு, வடியும் இனிப்புச் சாற்றில் கொஞ்சம் பாணி காய்ச்சலாம் என்று ஆசை. மரம் பட்டுப்போகும் என்கிறார் மனைவி. எது சரி?

நளாயினி:
மனைவி சொல்வதுதான். கிட்டத்தட்ட 40 லீட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லீட்டர் பாணி. அவ்வளவு சாற்றை இழந்தால் மரம் என்னாகும்? ஊரில் பனையில்கூடப் பாளையைத்தான் சீவுவார்கள், நடுமரத்தில் கைவைப்பதில்லை.

கெபெக் சிவா:
அக்கா, இங்கே ஒரே மரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சாறு எடுக்கிறார்கள். இரவில் உறைந்து பகலில் இளகும் அந்தச் சில வாரங்களில் வடிவது மரத்தின் சேமிப்பில் சிறு பங்குதான். நெஞ்சு உயரத்தில் விட்டம் 25 செ.மீ.க்குக் குறைந்தால் தொடக்கூடாது. 45 வரை ஒரே துளை.

நளாயினி:
சாறு போவது இருக்கட்டும் தம்பி, நான் துளையைச் சொல்கிறேன். மரத்தின் காயம் நம் தோல் மாதிரி ஆறுவதில்லை. மரம் அதைச் சுற்றி அடைத்துவிடும். அடைபட்ட பகுதி துளைக்கு மேலும் கீழும் நீளமாகப் பழுப்பேறிக் கிடக்கும், அதன் வழியே பிறகு நீர் ஏறாது. வெளியே பட்டை மூடிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கெபெக் சிவா:
உண்மை. அதனால்தான் பழைய 11 மி.மீ. துளையை விட்டு 8 மி.மீ.க்கு வந்தோம். ஆழம் 4, 5 செ.மீ. போதும். வருடா வருடம் பக்கவாட்டிலும் உயரத்திலும் தள்ளிப் போடுகிறோம். டிரில்லோடு வரும் சீவலைப் பாருங்கள்: வெள்ளையாக, ஈரமாகச் சுருண்டு வந்தால் நல்ல மரம். பழுப்பாக வந்தால் பழைய காயத்தில் இறங்கிவிட்டீர்கள், சாறும் வராது. சாறு வடியத் துளையில் செருகும் குழாயை ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும். மொட்டு பருக்கும்போது குழாயைக் கழற்றிவிடுங்கள், துளையை எதையும் வைத்து அடைக்க வேண்டாம். துளை மூடாமலிருக்க ஒரு காலத்தில் பாராஃபார்மால்டிஹைட் என்ற கிருமிகொல்லி வில்லை போட்டார்கள். அதுதான் உள்ளே அழுகலைப் பரப்பியது, பிறகு தடை வந்தது.

நளாயினி:
இதெல்லாம் தோப்பு வைத்திருப்பவருக்கு. வளவு மரத்தின் வேர்மேல் கார் நிற்கிறது, குளிர்காலம் முழுக்கப் பனி உருக வீதியில் போடும் உப்பு. சுகர் மேப்பிளுக்கு உப்பு ஆகாது.

கெபெக் சிவா:
ஆனால் தனியாக, வெயிலில், கிளை பரப்பி நிற்கிற மரம் காட்டு மரத்தைவிட வேகமாகப் பருக்கும். காயத்துக்கு மேல் புது மரம் சீக்கிரம் படரும், சாறும் இனிப்பு.

ரமணன்:
எதைச் செய்தாலும் வீட்டுக்குள் காய்ச்சாதீர்கள். ஆவியில் குசினிச் சுவரெல்லாம் பிசுபிசுக்கும்.

இளங்கோ:
அளந்தேன். சுற்றளவு 100 செ.மீ., அதாவது விட்டம் 32 வரை. உச்சியில் இரண்டு கிளை பட்டிருக்கிறது.

நளாயினி:
பிறகென்ன கேள்வி?

கெபெக் சிவா:
இரண்டு கிளை காற்றில் முறிந்தும் பட்டிருக்கலாம் அக்கா. இளங்கோ, இந்த வருடம் விடுங்கள். ஜூனில் உச்சி இலைகளைப் பாருங்கள். சிறுத்து மஞ்சளாக இருந்தால் அக்கா சொன்னபடி. அடர்ந்து பச்சையாக இருந்தால் அடுத்த மார்ச்சில் ஒரே துளை.

நளாயினி:
ஜூனுக்கு நான் சம்மதம். துளைக்கு இல்லை.