புது வீட்டுக்கு ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மிக்சி: 65,000 ரூபாய்க்குள் எதில் பணம் போடலாம், எதில் பிடிக்கலாம்?

புதுக்குடித்தனம், திருச்சி:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் புது வீட்டுக்குப் போறோம். நாலு பேர் குடும்பம், வாரத்துக்கு ரெண்டு தடவை மாவாட்டுவோம். ஃப்ரிட்ஜ், 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், மிக்சி, கேஸ் அடுப்பு, இண்டக்‌ஷன் அடுப்பு இவ்வளவும் புதுசா வாங்கணும். கையில் 65,000 ரூபாய்.

கடையில் மிக்சி, கிரைண்டர், மூணு பர்னர் அடுப்பு, குக்கர் நாலும் சேர்த்து 12,500க்கு ஆடித் தள்ளுபடி காம்போ தர்றாங்க. அதை எடுக்கலாமா? ஃப்ரிட்ஜில் 5 ஸ்டாருக்கு 3 ஸ்டாரை விட 6,000 ரூபாய் கூடுதல் சொல்றாங்க, அது தேறுமா? நோ காஸ்ட் இஎம்ஐயில் எடுத்தா உண்மையிலேயே வட்டி இல்லையா? கூடுதல் வாரண்டிக்குப் பணம் கட்டச் சொல்றாங்க, அதையும் சொல்லுங்க.

மோட்டார் பட்டறை, கோவை:

தம்பி, காம்போ விலையை அப்படியே நம்பாதீங்க. நாலு பொருளோட மாடல் நம்பரையும் எழுதி வாங்கி, ஒவ்வொன்றும் தனியா என்ன விலைக்கு விக்குதுன்னு பாருங்க. எம்ஆர்பியைக் கூட்டிப் பார்க்காதீங்க, அந்த விலைக்கு யாரும் விக்கிறதில்லை. காம்போவில் பெரும்பாலும் 500 வாட் மிக்சியைத்தான் சேர்ப்பாங்க. தினம் சட்னி, வாரம் ஒரு தடவை மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி அரைக்கிற வீட்டுக்கு 750 வாட் வேணும். 500 வாட் மோட்டாரில் காய்ந்த மல்லியை நிறைச்சுப் போட்டா சூடேறி, அடியில் இருக்கிற சிவப்பு பட்டன் வெளியே தள்ளிடும். அது ஓவர்லோட் சுவிட்ச். பத்து நிமிஷம் ஆறவிட்டு அழுத்தினா மறுபடி ஓடும். ஆனா அடிக்கடி அப்படி ஆனா சுருளோட வார்னிஷ் கருகி, கடைசியில் மோட்டாரே போயிடும்.

மிக்சி வாங்கும்போது ஜாரைக் கையில் எடுங்க. பிளேடை விரலால் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டுங்க. தடதடன்னு ஆடினா புஷ், அதாவது பிளேடு தண்டைத் தாங்குற வளையம், லூஸ். பிறகு மெதுவாச் சுத்துங்க, எங்கேயும் உரசாம, சிக்காம சுத்தணும். ஜாரைக் கவிழ்த்து அடியில் இருக்கிற கப்ளரை, அதாவது ஜாரை மோட்டாரோட இணைக்கிற துண்டைப் பாருங்க, நடுவில் நேரா உட்கார்ந்திருக்கணும். மிக்சியில் முதலில் தேயுறது இந்தக் கப்ளரும் ஜாரின் புஷ்ஷும்தான். கப்ளர் நூறு ரூபாய்க்குள் முடிஞ்சுடும். ஆனா அந்த மாடலுக்கு உங்க ஊரில் கிடைக்கணும். அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி பக்கத்தில் இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ‘இந்த மாடலுக்கு கப்ளர், புஷ், பிளேடு, ஜார் மூடி இருக்கா’ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இல்லைன்னு சொன்னா அந்த மிக்சியை எவ்வளவு மலிவாத் தந்தாலும் விட்டுடுங்க.

ஜார் ஒழுகுறதும் கறுப்பா எண்ணெய் மாதிரி கசியுறதும் புஷ் சீல் போனதோட அடையாளம். சூடான வதக்கலை ஆறவிடாம அரைச்சா அந்த ரப்பர் சீக்கிரமே இறுகிடும். புது மிக்சியில் முதல் நாலைந்து தடவை லேசா வார்னிஷ் வாடை வரும், பயப்பட வேண்டாம். புகை வந்தா மட்டும் நிறுத்துங்க.

கிரைண்டரில்தான் நீங்க மனசாரச் செலவழிக்கணும். அரைக்கிறது கல்லு, வாட் கணக்கு ரெண்டாம்பட்சம். 2 லிட்டர் டேபிள் டாப்புக்கு 150 வாட் மோட்டாரே போதும். ரெண்டு கல்லா மூணு கல்லான்னு விற்பனையாளர் பேசுவார். அதை விட முக்கியம், டிரம் அடியில் கல்லும் ஸ்டீலும் சேர்ற இடம். அதை நகத்தால் தடவிப் பாருங்க. இடுக்கு தட்டுப்பட்டா மாவு அதில் போய் உட்கார்ந்துக்கும், எவ்வளவு கழுவினாலும் புளிச்ச வாடை போகாது. உருளைக் கல் ஒவ்வொன்றையும் தனியாக் கையால் சுத்துங்க, தடங்கலில்லாம உருளணும். காலி டிரம்மை ஓடவிட்டு மேல் விளிம்பைப் பாருங்க, அலை மாதிரி ஏறி இறங்கினா வேற பீஸ் கேளுங்க.

வாங்கினதும் ஒரு கைப்பிடி அரிசியும் தண்ணியும் போட்டு அரைச்சு, அதைக் கொட்டிடுங்க. கொட்டுற தண்ணியில் மண்நிறம் போற வரைக்கும் ரெண்டு மூணு தடவை செய்யணும். கல்பொடி பல்லில் படக் கூடாது பாருங்க.

பின்னால வரக்கூடிய கோளாறு ரெண்டுதான். மோட்டார் ‘உம்’முன்னு முனகுது, டிரம் சுத்தலைன்னா முதலில் கெப்பாசிட்டரை, அதாவது மோட்டாரைக் கிளப்பிவிடுற சின்ன பாகத்தைப் பாருங்க. மோட்டார் ஓடுது, மாவு போட்டதும் டிரம் நின்னுடுதுன்னா பெல்ட் தளர்ந்திருக்கு. ரெண்டுமே சில நூறு ரூபாய் வேலை. ‘மோட்டார் மாத்தணும்’னு யாராவது சொன்னா இந்த ரெண்டையும் பார்த்தாச்சான்னு கேட்காம ஒத்துக்காதீங்க.

யூனிட் கணக்கு, சென்னை:

ஃப்ரிட்ஜுக்கு நான் சொல்றேன். நட்சத்திரத்தை எண்ணாதீங்க. லேபிளில் ‘வருஷத்துக்கு இத்தனை யூனிட்’னு ஒரு எண் அச்சடிச்சிருக்கும், அதை எடுத்துக்குங்க. அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குறாங்க, அதனால பழைய லேபிளில் 5 ஸ்டாரா இருந்த ஃப்ரிட்ஜ் புது லேபிளில் 4 ஆகவோ 3 ஆகவோ இறங்கும். லேபிளில் எந்த வருஷம் வரை செல்லும்னு போட்டிருக்கும், அதையும் பாருங்க.

இப்ப கணக்கு. ஒரு ஃப்ரிட்ஜ் வருஷத்துக்கு 220 யூனிட், இன்னொன்று 160 யூனிட்னு வைங்க. வித்தியாசம் 60 யூனிட். கரண்ட் பில்லில் யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியா ஏறும், அந்தப் படிதான் ஸ்லாப். உங்க கடைசி ஸ்லாபின் விலை யூனிட்டுக்கு 5 ரூபாய்னா வருஷம் 300, பத்து வருஷத்தில் 3,000 ரூபாய்தான். 6,000 கூடுதல் கொடுத்தா பாதிதான் திரும்பி வரும். அதுவே ஏசி ஓடுற வீடு, கடைசி ஸ்லாப் 9 ரூபாய்னா வருஷம் 540, பத்து வருஷத்தில் 5,400. அப்பவும் ஏறக்குறையக் கட்டுபடியாகுது, அவ்வளவுதான். வீட்டின் இரு மாதக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி இருந்தா மட்டும் விஷயம் வேற. 500ஐத் தாண்டினா கீழ் ஸ்லாபில் கிடைக்கிற சலுகையும் குறையும், அங்கே ஒவ்வொரு யூனிட்டுக்கும் மதிப்பு அதிகம். ஏசி இல்லாத நாலு பேர் வீடுன்னா 3 ஸ்டார் எடுத்து மிச்சத்தை கிரைண்டரில் போடுங்க.

‘கம்ப்ரஸருக்குப் பத்து வருஷ வாரண்டி’ன்னு பெரிசா ஒட்டியிருப்பாங்க. வாரண்டி அட்டையைத் திருப்பிப் படிங்க. பல கம்பெனிகளில் அந்தப் பத்து வருஷம் கம்ப்ரஸர் என்ற உறுப்புக்கு மட்டும்தான். முதல் வருஷத்துக்கு அப்புறம் கேஸ் நிரப்புற செலவு, ஆள் கூலி, வண்டிச் செலவு எல்லாம் நம்ம தலையில். கம்ப்ரஸர் வேகத்தைத் தேவைக்கேத்த மாதிரி மாத்துற இன்வெர்ட்டர் மாடலில் பிசிபி, அதாவது கன்ட்ரோல் பண்ற எலக்ட்ரானிக் போர்டு, போறதும் உண்டு, அது கம்ப்ரஸர் கணக்கில் வராது. கூடுதல் வாரண்டி எடுக்கிறதா இருந்தா ஃப்ரிட்ஜுக்கு மட்டும், அதுவும் பிசிபி, கேஸ், கூலி மூணும் அடங்கும்னு எழுத்தில் இருந்தா மட்டும் எடுங்க. மிக்சி, கிரைண்டருக்கு வேண்டவே வேண்டாம். கப்ளர், புஷ், பெல்ட், ஜார் எல்லாம் ‘தேய்மானம்’னு ஒதுக்கிடுவாங்க. அங்கே கெட்டுப்போறதே அவைதான்.

நோ காஸ்ட் இஎம்ஐ: 30,000 ரூபாய் ஃப்ரிட்ஜ், ஆறு மாசத் தவணை, வங்கி வட்டி 15 சதவீதம்னு எடுத்துக்குவோம். வட்டி 1,300 ரூபாய் சொச்சம் வரும். அதைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாக் கழிச்சுடும். ஆனா அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 235 ரூபாய், உங்க கார்டில் ஏறும். பிராசஸிங் கட்டணம் 199ன்னா ஜிஎஸ்டியோட 235. ஆக 470 ரூபாய் கூடுதல். இதை விடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கு: மொத்தப் பணமும் உடனே கொடுத்தா கடைக்காரர் 1,500 குறைப்பார்னு வைங்க, இஎம்ஐன்னா அது கிடையாது. அப்ப உண்மையான செலவு 2,000 ரூபாய் பக்கம். வட்டி இல்லாத கடன்னு ஒன்று கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013ல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கு. பேரம் பேசி விலையை முடிவு பண்ணின பிறகுதான் எப்படிப் பணம் கட்டப் போறோம்னு சொல்லணும். முதல்லயே ‘இஎம்ஐ’ன்னு வாயைத் திறந்தா விலை இறங்காது.

அடுப்படி அக்கா, மதுரை:

அடுப்பையும் இண்டக்‌ஷனையும் யாரும் தொடலை. கேஸ் அடுப்பில் ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 4246ன்னு இருக்கான்னு பாருங்க. அந்தத் தரத்துக்கு வெப்பத்திறன் குறைஞ்சது 68 சதவீதம் இருக்கணும். கண்ணாடி மேல்தட்டு பார்க்க அழகு. ஆனா சூடா இருக்கும்போது ஈரத்துணி போட்டுத் துடைக்கிற பழக்கம் இருந்தா, இட்லிப் பானையும் பெரிய குக்கரும் தினம் ஏத்தி இறக்குற வீடா இருந்தா, ஸ்டீல் தட்டே நல்லது. பர்னர் பித்தளையா இருக்கட்டும். கையில் தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும். மூணு பர்னர் எடுத்தா நடு பர்னருக்கும் பக்கத்து பர்னருக்கும் இடைவெளியை அளந்துட்டு வாங்க. தோசைக்கல்லும் குக்கரும் ஒண்ணா உட்காரலைன்னா மூணாவது பர்னர் சும்மா கிடக்கும்.

இண்டக்‌ஷன் 2,000 வாட்னா 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்சி சொருகுற 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்காது. அடாப்டர் போட்டு ஓட்டினா பாயிண்ட் உருகிடும், வாடை வந்த பிறகுதான் தெரியும். தனியா 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா எலக்ட்ரீஷியன் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்குங்க.

கேஸா கரண்டான்னா இதையும் போட்டுப் பாருங்க. ஒரு கிலோ கேஸ் அடுப்பில் தர்ற உபயோகமான சூட்டுக்கு இண்டக்‌ஷனில் சுமார் 10 யூனிட் ஆகும். 14.2 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ 140 யூனிட்டுக்குச் சமம். சிலிண்டர் 900 ரூபாய்னா யூனிட் 6 ரூபாய் 40 காசுக்குக் கீழே இருக்கிற வரை இண்டக்‌ஷன் லாபம், மேலே போனா கேஸ் லாபம்.

இன்னொன்று, பாத்திரம் வாங்கும்போது, மிக்சி ஜார் வாங்கும்போதும், காந்தம் கொண்டு போங்க. ஒட்டலைன்னா நல்ல 304 கிரேடு ஸ்டீல்.

மோட்டார் பட்டறை, கோவை:

அக்கா சொன்னதில் அந்தக் கடைசி விஷயம் மட்டும் சரியில்லை. 200 வரிசை மலிவு ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது. 304 ஸ்டீல்கூட அழுத்தி வளைச்ச இடத்தில் லேசா ஒட்டும். அதனால ஜாரில் காந்தம் வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியிலோ கம்பெனி விவரத்திலோ கிரேடு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. இண்டக்‌ஷன் பாத்திரத்துக்கு நேர் எதிர்: அடிப்பாகத்தில் காந்தம் பச்சக்னு ஒட்டணும், இல்லைன்னா அடுப்பு பாத்திரத்தையே ஏத்துக்காது. காந்தத்தை அதுக்குக் கொண்டு போங்க.

அடுப்படி அக்கா, மதுரை:

சரிதான் தம்பி, ஜாருக்கு அதைச் சொன்னது தப்பு. திருத்தினதுக்கு நன்றி.

புதுக்குடித்தனம், திருச்சி:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. காம்போவை விட்டுட்டேன். ஃப்ரிட்ஜ் 3 ஸ்டார், மிக்சி 750 வாட், கிரைண்டர் தனியா. ஏசி கிடையாது. ஃப்ரிட்ஜ் 240 லிட்டரா 300 லிட்டரான்னு மட்டும் குழப்பம். அப்புறம், பொருள் வீட்டுக்கு வர்ற அன்னைக்கு என்னென்ன பார்க்கணும்?

யூனிட் கணக்கு, சென்னை:

லிட்டரை விட, உங்க மாவுப் பாத்திரத்தின் உயரத்தை டேப் வச்சு அளந்து கடைக்குக் கொண்டு போங்க. நம்ம வீடுகளில் ஃப்ரிட்ஜுக்குள் பெரிய இடம் பிடிக்கிறது அதுதான். தட்டுகளை மாத்திப் பொருத்தி அந்தப் பாத்திரம் மூடியோட நிக்குதான்னு பாருங்க. 240இல் நின்னுட்டா நாலு பேருக்கு அது போதும். லேபிளில் மொத்தக் கொள்ளளவு, பயன்படுற கொள்ளளவுன்னு ரெண்டு எண் இருந்தா ரெண்டாவதை வச்சு ஒப்பிடுங்க. ஃப்ரிட்ஜ் நிக்கப்போற இடத்தை மட்டும் அளந்தா போதாது, வாசல் நிலை, படிக்கட்டுத் திருப்பம் ரெண்டையும் அளங்க. பின்பக்கமும் பக்கவாட்டிலும் எவ்வளவு இடைவெளி வேணும்னு கையேட்டில் இருக்கும். ‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ன்னு ஒட்டியிருந்தாலும் எத்தனை வோல்ட்டில் இருந்து எத்தனை வோல்ட் வரைக்கும்னு பாருங்க. உங்க தெருவில் அதுக்கும் கீழே இறங்கினா ஸ்டெபிலைசர் வாங்கித்தான் ஆகணும்.

வர்ற அன்னைக்கு, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பெட்டியைப் பிரிச்சு நாலு பக்கமும், பின்னால் கீழ் மூலையையும் பாருங்க. நசுங்கல் இருந்தா ரசீதிலேயே எழுதி, போட்டோ எடுத்து, திருப்பி அனுப்புங்க. பெட்டியில் தயாரிச்ச மாதமும் வருஷமும் இருக்கும், ஒன்றரை வருஷப் பழசுன்னா விலையைக் குறைச்சிருக்கணும், இல்லைன்னா வேற பீஸ். பில்லில் மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் பொருளில் இருக்கிறதோட ஒத்துப்போகணும். வண்டியில் படுக்க வச்சுக் கொண்டு வந்திருந்தா உடனே ஓடவிடாதீங்க, சில மணி நேரம் நிமிர்த்தி வச்ச பிறகு சுவிட்ச் போடுங்க. கதவு ரப்பரில் ஒரு தாளை வச்சு மூடி இழுத்துப் பாருங்க. எந்த இடத்திலாவது தானா நழுவினா அங்கே குளிர் கசியும், முதல் வாரத்திலேயே புகார் பதிஞ்சுடுங்க.

புகார் எண்ணைக் குறிச்சு வைங்க. சர்வீஸ் சென்டர் இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லை வெயில் படாத இடத்தில் வச்சாலும் அந்த வழவழப்புத் தாளில் எழுத்து ஒரு வருஷத்தில் மங்கிடும். வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து வச்சுடுங்க.