தரையிலிருந்து சீலிங் வரை கண்ணாடி வைக்கும் முன்

குளிர் நாட்டில் புது வீடு கட்டத் தொடங்கும் நம்மவர்களில் பலருக்கும் ஹாலில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்று ஆசை இருக்கிறது. நல்ல ஆசைதான், தாராளமாக வையுங்கள். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் பகல் வெளிச்சம் எவ்வளவு பெரிய தெம்பு என்பது ஒரு குளிர்காலம் இருந்தாலே புரியும். அளவையும் டிசைனையும் பற்றிப் பேசுவதற்கு முன், அந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள்.

பூமியின் வட பாதியில் இருந்தால் தெற்கு பார்த்த கண்ணாடிதான் சிறந்தது. குளிர்காலச் சூரியன் தாழ்வாக வருவதால் வெயில் அறைக்குள் ஆழமாக விழும். கோடையில் சூரியன் உயரே போய்விடும், மேலே ஒரு சன்ஷேட் இருந்தாலே வெயிலைத் தடுத்துவிடலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இருப்பவர்களுக்கு இது அப்படியே வடக்கு. மேற்குதான் எங்கேயும் தொல்லை. சாயங்கால வெயில் சாய்வாக வந்து சன்ஷேடுக்குக் கீழே நுழைந்துவிடும். உள்ளே திரை போட்டாலும் சூடு கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. நல்ல காட்சி மேற்கில்தான் இருக்கிறது என்றால் வெளிப்பக்க ஷட்டருக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். எல்லாப் பக்கமும் கண்ணாடி போடுவதைவிட, சரியான திசையில் ஒரே ஒரு பெரிய ஜன்னல் வைத்து, மிச்சமாகும் பணத்தைக் கண்ணாடியின் தரத்தில் போடுங்கள் என்பேன்.

தரம் என்றால் முதலில் யூ-மதிப்பு, அதாவது கண்ணாடி வழியாக எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று காட்டும் எண். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 5.8. சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 சுற்றி வரும். லோ-இ பூச்சும் (அறையின் சூட்டை உள்ளேயே திருப்பும் மெல்லிய படலம்) நடுவில் ஆர்கான் வாயுவும் இருந்தால் 1.1 வரை இறங்கும். மூன்றடுக்குக் கண்ணாடியில் 0.6 கூடக் கிடைக்கும்.

இதெல்லாம் வெறும் கணக்கு இல்லை. வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வையுங்கள். ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் 5 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். அறையின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 9 டிகிரிக்கு அருகிலேயே காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க வியர்த்து, நீர் கோடு கோடாக வழிந்து, கீழ் மூலையில் ரப்பர் பட்டையின் மேல் தேங்கி நிற்கும். நாளடைவில் அங்கே கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடிக்கும். துணியை வீட்டுக்குள் உலர்த்துபவர்களுக்கு இன்னும் சீக்கிரம். 1.1 உள்ள கண்ணாடியில் உட்பக்கம் 17 டிகிரிக்கு நிற்கும், பக்கத்தில் சோபா போட்டும் உட்காரலாம். அலுமினியப் பிரேம் என்றால் நடுவில் வெப்பத் தடுப்பு உள்ளதா என்று கட்டாயம் கேளுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி தப்பித்து பிரேம் வியர்க்கும்.

அப்புறம் எடை. கண்ணாடி 1 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 2.4 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலத்தில் 6 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு சேர்ந்தால் பிரேம் இல்லாமலேயே 86 கிலோ. அதோடு, சுவர் இருந்த இடத்தில் இப்போது சுவர் இல்லை. மேல்பாரத்தைத் தாங்கும் விட்டத்தை இன்ஜினியர்தான் கணக்குப் போட வேண்டும். வரைபடம் அனுமதிக்குப் போவதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

கால் வரைக்கும் வரும் கண்ணாடி என்பதால் சாதாரணக் கண்ணாடி கூடவே கூடாது. சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய டெம்பர்டு கண்ணாடி உடைந்தால் சின்னச் சின்ன மழுங்கிய துண்டாக உதிரும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் உடைந்தாலும் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மாடியில் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் லேமினேட்டட்தான் சொல்வேன். டெம்பர் செய்த பிறகு கண்ணாடியை வெட்ட முடியாது. அதனால் வரைபடத்தை நம்பாமல், திறப்பு கட்டி முடிந்ததும் நேரில் அளந்து ஆர்டர் கொடுக்கச் சொல்லுங்கள்.

தரையும் வெளித்தளமும் ஒரே மட்டத்தில் வேண்டும் என்றால் பிரேமைத் தரைக்குள் இறக்க வேண்டியிருக்கும். வெளியே நீர் வடிய வழி இருக்கட்டும். பிரேமின் அடியில் உள்ள சிறு வடிகால் துளைகளை டைல் வேலை செய்பவர் சிலிகோன் பசை போட்டு அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் உள்ளே விளக்கு போட்டால் வெளியிலிருந்து எல்லாமே தெரியும், எனவே திரைக்கான தண்டவாளத்தையும் மோட்டாருக்கான வயரையும் சீலிங் வேலைக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கண்ணாடி வந்து இறங்கியதும் லைட்டர் சுடரை அதன் முன்னால் பிடித்துப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடியில் நான்கு பிம்பம் தெரியும். லோ-இ பூச்சு இருந்தால் அதில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். நான்கும் ஒரே நிறம் என்றால் பொருத்த விடாமல் கேள்வி கேளுங்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பின்னாளில் புகை படிந்ததுபோல் மங்கினால் சீல் போய்விட்டது என்று அர்த்தம், துடைத்தால் போகாது. அதற்கு எத்தனை வருட வாரன்டி என்பதைத் தனியாக எழுதி வாங்கிக்கொண்டு கடைசித் தவணையைக் கொடுங்கள்.